வேலைத் தேர்வும் ஆட்டிசமும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவள் நான். இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, ஆட்டிசம் உள்ள இளைஞர்களை உட்காரவைத்துப் பயிற்சி நேர்முகம் நடத்துகிறேன். எல்லாம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் பெற்றோர் மனதில் இருப்பதைக் கேட்பார்கள். அநேகமாக அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன். சிலவற்றைக் கேட்டது எச்.ஆர். நண்பர்கள்.

ஆட்டிசம் இருக்கு, சரி. வேலைக்கு எடுக்கிற டெஸ்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

ஆட்டிசம் நோயல்ல. பேச்சை, சத்தத்தை, வெளிச்சத்தை, எதிரில் இருப்பவரின் முகக்குறிப்பை மூளை வேறு விதமாக வாங்கிக்கொள்வது, பிறப்பிலிருந்தே இருப்பது. அரசுப் படிவங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று பார்த்திருப்பீர்கள். பக்கத்து அறை மின்விசிறிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்குப் புற உலகமே தெரியவில்லை என்பது எந்த ஊர் நியாயமோ.

வேலைத் தேர்வு நடக்கும் விதத்தைப் பாருங்கள். முன்பின் தெரியாத மூன்று பேர், தெரியாத அறை, எதிர்பாராத கேள்வி, யோசிக்காமல் உடனே பதில், நடுவில் ஒரு சிரிப்பு, கண்ணைப் பார்த்துப் பேச்சு. இவை எல்லாமே ஆட்டிசம் உள்ளவருக்குக் கூடுதல் பாரம். அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டேதான் தனக்கு வேலை தெரியும் என்றும் அவர் காட்ட வேண்டியிருக்கிறது.

எல்லாருக்கும் ஒரே பரீட்சைதானே வைக்கிறாங்க? அதைவிட என்ன நியாயம் வேணும்?

தையல் வேலைக்கு நாலு பேர் வருகிறார்கள். நாலு பேரையும் மேடையேறிப் பத்து நிமிடம் பேசச் சொல்லி, நன்றாகப் பேசியவரை எடுத்துக்கொண்டால் அது எல்லாருக்கும் ஒரே பரீட்சைதான். ஆனால் உங்கள் ரவிக்கையை அவரிடம் கொடுப்பீர்களா?

ஒரே பரீட்சையா என்பதைவிட, அந்தப் பரீட்சை எதை அளக்கிறது என்பதுதான் கேள்வி. என் கதையையே சொல்கிறேன். மதிப்பெண் தாளில் 'கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, தன்னம்பிக்கை குறைவு' என்று எழுதி ஒருவரைத் தள்ளியிருக்கிறேன். வேலை என்ன? ராத்திரி ஷிப்டில் சர்வர் பதிவுகளைப் படித்துப் பிழை கண்டுபிடிப்பது. சர்வரை யாரும் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. அவருக்கு ஆட்டிசம் இருந்ததா என்பதுகூட எனக்குத் தெரியாது. தாளில் அப்படி ஒரு கட்டம் இருந்தது, நிரப்பினேன், அவ்வளவுதான்.

எழுத்துத் தேர்வுல முதல் ஆளா வர்றான். நேர்ல போனா அஞ்சு நிமிஷத்துல அனுப்பிடுறாங்க. ஏன் மேடம்?

இதற்கு ஆய்விலேயே பதில் இருக்கிறது. 2017-ல் அமெரிக்காவில் நோவா சாசன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசிய சில நொடித் துணுக்குகளை மற்றவர்களுக்குக் காட்டினார்கள். பார்த்த மாத்திரத்தில் ஆட்டிசம் உள்ளவர்களைக் குறைவாக மதிப்பிட்டார்கள். 'இவரோடு பழக விருப்பமில்லை' என்றார்கள். ஆனால் அதே பேச்சை எழுத்தாக மட்டும் கொடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்துபோனது. ஆக, சொன்ன விஷயத்தில் குறை இல்லை. குரலின் ஏற்ற இறக்கத்திலும் முகத்திலும்தான் அவர்களுக்கு ஏதோ இடறியிருக்கிறது.

பிறகு 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வு வேலை நேர்முகங்களையே எடுத்துக்கொண்டு இதே போக்கைக் கண்டது. டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், தானும் ஆட்டிசம் உள்ளவர், 2012-லேயே ஒன்று சொன்னார்: புரிந்துகொள்ளாமை இரு பக்கமும் இருக்கிறது. அவர்களுக்கு நம்மைப் படிக்கத் தெரியவில்லை என்று நாம் சொல்கிறோம். அவர்களைப் படிக்க நமக்கும் தெரியவில்லை. ஆனால் நேர்முக அறையில் மதிப்பெண் போடும் பேனா ஒரு பக்கத்தின் கையில்தான் இருக்கிறது.

'உங்களைப் பத்திச் சொல்லுங்க'ன்னா என்னதான் எதிர்பார்க்கிறாங்க?

ஒரு சனிக்கிழமை இதை ஒரு பையனிடம் கேட்டேன். "எந்த வயசிலேர்ந்து?" என்றான். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டான். 'ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?' என்றதற்கு, "வேளச்சேரியிலதான். எங்களுக்குச் சொந்த வீடு" என்றான். கேள்விக்குச் சரியான பதில் அது. கேள்விதான் தான் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை.

முதல் கேள்விக்கு அவர்கள் எதிர்பார்ப்பது: என்ன படித்தீர்கள், இந்த வேலைக்குப் பொருந்துகிற மாதிரி இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள், ஏன் இங்கே வர விரும்புகிறீர்கள். இரண்டு நிமிடம். ஆள் எடுப்பவர்களுக்கு: இதையே இப்படிப் பிரித்துக் கேட்டுவிட்டால் போச்சு. 'நெருக்கடியை எப்படிச் சமாளிப்பீர்கள்?' என்பதற்குப் பதில் 'ஒரு வேலையைக் குறித்த நாளில் முடிக்க முடியாமல்போன ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். ஆட்டிசம் இல்லாதவர்களும் இதற்கு நல்ல பதில் தருவார்கள்.

சைக்கோமெட்ரிக் டெஸ்ட்ல எந்தப் பதிலும் சரியாப் படலை. எதை டிக் பண்றது?

சைக்கோமெட்ரிக் என்றால் குணத்தையும் முடிவெடுக்கும் விதத்தையும் அளக்கும் தேர்வு. இப்படிக் கேட்பார்கள்: 'சக ஊழியர் தவறு செய்கிறார். என்ன செய்வீர்கள்?' நாலு விடைகள். ஆட்டிசம் உள்ள பலருக்கு உடனே எழும் கேள்வி: என்ன தவறு, எவ்வளவு பெரிது, அவர் எனக்கு மேலா கீழா? அந்த விவரம் எதுவும் தாளில் இருக்காது. இல்லாததை ஊகித்துக்கொள்வதுதான் அங்கே பரீட்சை.

பிரிட்டனில் இதே விஷயம் வழக்காகப் போனது. அரசு வழக்கறிஞர் பணிக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்கு ஆஸ்பெர்ஜர் (இப்போது அது ஆட்டிசத்துக்குள் அடக்கம்). முதல் கட்டமே இப்படிப்பட்ட கொள்குறித் தேர்வு. விடையைச் சுருக்கமாக எழுதித் தருகிறேன் என்று முன்கூட்டியே கேட்டார். கூடுதல் நேரம் தரலாம், வடிவத்தை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தேர்ச்சிக்கு வேண்டியது 14, அவர் எடுத்தது 12. தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது. 2017-ல் மேல்முறையீட்டிலும் அரசுத் தரப்பு தோற்றது. சரியாக முடிவெடுக்கும் திறனைச் சோதிப்பது நியாயமான நோக்கம்தான், அதை எழுத்து மூலமும் சோதித்திருக்கலாமே என்பதுதான் சாரம். கிடைத்த இழப்பீடு 860 பவுண்டு. ஆனால் தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: ஆளுமைத் தேர்வில் 'சரியான' விடையை ஊகிக்க முயலாதீர்கள். ஒரே கருத்தை வேறு சொற்களில் திருப்பிக் கேட்பார்கள். ஊகித்து எழுதினால் ஒன்றுக்கொன்று முரணாகும். அலுவலகச் சூழலைத்தான் மனதில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள், வீட்டை அல்ல.

ஆன்லைன் பரீட்சையில கண்ணு திரையை விட்டு விலகுதுன்னு எச்சரிக்கை வந்துக்கிட்டே இருக்கு. காப்பியடிக்கலையே நான்!

யோசிக்கும்போது கூரையைப் பார்ப்பவர்கள், நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடுபவர்கள், கேள்வியை முணுமுணுத்துப் படிப்பவர்கள் எல்லாரும் கண்காணிப்பு மென்பொருளுக்குச் சந்தேகத்துக்குரியவர்கள். இயல்பான அசைவு என்று அது எதைப் பார்த்துக் கற்றதோ, அதில் நீங்கள் இல்லை. பரீட்சைக்கு முன்பே எழுதிக் கொடுங்கள்: எனக்கு இந்தப் பழக்கங்கள் உண்டு, எச்சரிக்கை வந்தால் மனிதர் ஒருவர் பதிவைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். பரீட்சை முடிந்தபின் சொன்னால் சாக்கு மாதிரித் தெரியும்.

கணினியே நேர்முகக் காணொளியைப் பார்த்து மதிப்பெண் போடுவது இன்னொரு தலைவலி. ஹயர்வியூ என்ற அமெரிக்க நிறுவனம் முகபாவத்தை அலசும் பகுதியைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. வேலையிடத்தில் உணர்ச்சியைக் கணிக்கும் ஏ.ஐ.யை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது; மருத்துவம், பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு. நியூயார்க் நகரம் 2023-லிருந்து ஆள் எடுக்கும் மென்பொருளுக்குப் பாரபட்சத் தணிக்கை கேட்கிறது. ஆனால் அந்தத் தணிக்கை பாலினத்தையும் இனத்தையும்தான் பார்க்கிறது, மாற்றுத்திறனைப் பார்ப்பதில்லை.

குரூப் டிஸ்கஷன்?

பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும் சத்தத்தில் எப்போது நுழைவது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே பாதி மதிப்பெண். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இதைவிட மோசமான சோதனையை யோசித்தே கண்டுபிடிக்க வேண்டும். முறை வைத்துப் பேசவிடுங்கள், அல்லது அவரிடம் தனியாக அதே தலைப்பைக் கொடுங்கள் என்று கேட்கலாம். குழுவாக வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் மூன்று பேருக்கு ஒரு சின்ன வேலையைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்க்கலாமே.

நம்ம நாட்டுல இதுக்கெல்லாம் சட்டம் இருக்கா?

இருக்கிறது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் குறைபாட்டுப் பட்டியலில் ஆட்டிசம் கிடையாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலில் உள்ள குறைபாடுகளை 21 ஆக்கியபோது அது உள்ளே வந்தது. அரசு வேலையில் 4 சதவீத இட ஒதுக்கீடு. அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவர்களுக்குச் சேர்த்து.

இட ஒதுக்கீட்டைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொரு சொல்: நியாயமான மாற்றமைப்பு. அடுத்தவர் தலையில் அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாமல், ஒருவருக்குத் தேவையான மாற்றத்தைச் செய்து தருவது. அதை மறுப்பதே பாகுபாடு என்று சட்டத்தின் விளக்கப் பகுதியே சொல்கிறது. அரசு நிறுவனங்களுக்கு இது வேலை விஷயத்தில் நேரடிக் கடமை.

தனியாருக்கு? எல்லா நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் நிறுவனம் என்றால், மாற்றுத்திறனாளிகளை எந்த முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதும் தொடர்பு அலுவலர் ஒருவரை நியமிப்பதும் அந்தக் கொள்கையில் இருக்க வேண்டும் என்கின்றன 2017 விதிகள். விண்ணப்பிக்கும் முன் அதைத் தேடிப் படியுங்கள். பல இடங்களில் சக்கர நாற்காலிச் சாய்தளத்தோடு கொள்கை முடிந்துவிடும். அதுவும் ஒரு தகவல்தானே.

சர்டிபிகேட் எடுக்கலை. எடுத்தா 40 சதவீதம் வருமான்னும் தெரியலை. அப்ப ஒண்ணும் கேட்க முடியாதா?

இட ஒதுக்கீட்டுக்குத்தான் குறைபாடு 40 சதவீதமாவது இருக்கிறது என்ற சான்று வேண்டும். மாற்றமைப்புக்கு அந்த வரம்பு கிடையாது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் எதிர் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவருக்கு இருந்தது எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடு. 40 சதவீதச் சான்று இல்லை என்று, அவர் சொல்லச் சொல்ல எழுதும் எழுத்தரின் உதவியை மறுத்தார்கள். அது தவறு என்றது நீதிமன்றம்.

சான்று எடுப்பதானால் ஆட்டிசத்துக்கு 'ஐசா' என்ற இந்திய அளவுகோல்தான். 40 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. வெளியே தெரியாமல் சமாளிக்கப் பழகிவிட்ட பெரியவர்கள், குறிப்பாகப் பெண்கள், அந்த 70-ஐத் தொடாமல் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். போகும்போது சின்ன வயதில் எப்படி இருந்தார் என்பது தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டுகூட உதவும்.

பேங்க் எக்ஸாம், டி.என்.பி.எஸ்.சி.ல கூடுதல் நேரம் உண்டா?

உண்டு. மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல், 40 சதவீதச் சான்று உள்ளவர்களுக்கு 3 மணி நேரத் தேர்வில் குறைந்தது 1 மணி நேரம், அதாவது மணிக்கு 20 நிமிடம் என்று வைத்தது. அந்த 40 சதவீத வரம்பு பிறகு தளர்ந்திருக்கிறது. விண்ணப்பத்திலேயே குறிப்பிட வேண்டும்; அந்தந்த அறிவிப்பைப் படித்துப் படிவத்தை முன்பே இணையுங்கள். ஆனால் எல்லாருக்கும் நேரம்தான் பிரச்சினை என்றில்லை. ஒரு பெண் சொன்னாள்: "நேரம் எனக்கு மிச்சம் இருக்கு ஆண்ட்டி. மினுக்கிக்கிட்டே இருக்கிற டியூப்லைட்டுக்கு அடியில உட்கார வெக்காம இருந்தாப் போதும்."

முன்னாடியே சொன்னா கூப்பிடவே மாட்டாங்க. சொல்லாட்டி உள்ள போய் மாட்டிக்கிறோம். எதுதான் நல்லது?

இதற்கு ஒரே பதில் கிடையாது, இருக்கிறது என்பவர்களை நம்பாதீர்கள். என் வழக்கம் இது: விண்ணப்பத்தில் எழுதுவதில்லை (இட ஒதுக்கீட்டு இடம் என்றால் தவிர). நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபின் சொல்கிறோம். அதற்குள் உங்கள் தகுதியைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். இனி காரணமில்லாமல் கழற்றிவிடுவது கொஞ்சம் கடினம்.

பெயரைச் சொல்லாமல் தேவையை மட்டும் கேட்பதும் ஒரு வழி. ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள், சாரம் இப்படி: 'நேர்முகத்துக்கு அழைத்ததற்கு நன்றி. கேள்விகள் எழுத்திலும் முன்னால் இருந்தால் என்னால் நன்றாகப் பதில் சொல்ல முடியும். எத்தனை பேர் இருப்பார்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். தேர்வின் தரத்தில் எந்த மாற்றமும் கேட்கவில்லை.' ஐந்து வரியைத் தாண்ட வேண்டாம். மருத்துவ வரலாறு வேண்டவே வேண்டாம். அப்பா அம்மா பெயரில் அனுப்பாதீர்கள், தயவுசெய்து.

(எச்.ஆர். நண்பர்) கேள்வியை முன்னாடியே கொடுத்தா அது கேள்வித்தாள் அவுட் ஆன மாதிரி இல்லையா?

ஞாபக சக்தியைச் சோதிக்கும் கேள்வி என்றால் ஆமாம். 'நீங்கள் செய்த ஒரு வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதில் அவுட் ஆக என்ன இருக்கிறது? செய்யாத வேலையைப் பற்றி எவ்வளவு தயாரித்தாலும் இரண்டாவது துணைக் கேள்வியில் வெளுத்துவிடும். சந்தேகம் இருந்தால் வந்திருக்கும் எல்லாருக்கும் அரை மணி நேரம் முன்னால் கொடுங்கள்.

(அதே நண்பர்) வாடிக்கையாளர்கிட்ட பேசுற வேலைதான். அப்பவும் பேச்சைப் பார்க்கக் கூடாதா?

பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். தையல்காரர் உதாரணத்தைத் திருப்பிப் போடுங்கள்: மேடைப் பேச்சாளரை எடுக்கும்போது மேடையேற்றித்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் இதைத்தான் அளவுகோலாக வைக்கிறது: மாற்றுத்திறனாளிகளை வடிகட்டும் தேர்வு என்றால், அது அந்த வேலையோடு தொடர்புடையது, தொழிலுக்கு அவசியம் என்று நிறுவனம் காட்ட வேண்டும்.

ஆனால் நேர்மையாக யோசியுங்கள். எந்த மாதிரிப் பேச்சு? தொலைபேசியில் பழுதைக் கேட்டுப் படிப்படியாகச் சரிசெய்ய வழி சொல்வதும் பேச்சுதான். அதில் ஆட்டிசம் உள்ள சிலர் பிரமாதமாக இருப்பார்கள். அதையே நடத்திப் பாருங்கள். 'கலகலப்பானவர்' என்பதை வேலைத் தகுதியாக எழுதியவர் யார், ஏன் என்றும் கேட்டுப் பாருங்கள்.

சில கம்பெனியில ஆட்டிசத்துக்குன்னே தனி வழியா எடுக்கிறாங்களாமே?

டென்மார்க்கில் தோர்கில் சோன் என்பவர், மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபின், 2004-ல் ஸ்பெஷலிஸ்டர்னே என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். நேர்முகத்துக்குப் பதில் லெகோ ரோபோ கட்டச் சொல்லி, எப்படி வேலை செய்கிறார்கள் என்று நாள் கணக்கில் பார்த்தார்கள். ஜெர்மன் மென்பொருள் நிறுவனமான எஸ்.ஏ.பி. 2013-ல் இதே பாதையில் பெரிய திட்டத்தை அறிவித்தது. அதற்கு முன்னோட்டம் நம் பக்கத்து ஊரான பெங்களூரு கிளையில் நடந்தது. மைக்ரோசாப்ட் 2015-ல் தொடங்கியது.

நல்ல வழிதான், கிடைத்தால் போங்கள். எனக்கு ஒரு மனக்குறை மட்டும் உண்டு. அநேகமாக எல்லாமே கணினி வேலை. ஆட்டிசம் என்றால் கணக்கில் புலி என்று ஒரு நினைப்பு. செடி வளர்க்க விரும்புகிறவனும் அச்சகத்தில் பைண்டிங் பிடித்திருக்கிறவளும் எந்த வழியில் போவார்கள்? ஒரு வாரம் செய்யவிட்டுப் பார்ப்பது நர்சரிக்கும் அச்சகத்துக்கும் இன்னும் சுலபம். அந்த ஒரு வாரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கண்ணைப் பார்த்துப் பேச, சிரிக்க எல்லாம் பழக்கிவிட்டா போதாதா?

கொஞ்சம் பழக்கலாம். நான் செய்வதும் ஒருவகையில் அதுதான். புருவ மத்தியைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் கண்ணைப் பார்ப்பதிலேயே கவனம் போய்விட்டால் கேள்வி காதில் ஏறாது. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்பவர்கள் இருக்கிறார்கள். அதோடு, நடித்து வாங்கிய வேலையில் தினமும் எட்டு மணி நேரம் நடிக்க வேண்டும். ஆறு மாதத்தில் ஓய்ந்துபோய் வீட்டோடு உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

எல்லாம் கேட்டோம், ஒண்ணும் தரலை, தள்ளிட்டாங்க. கேஸ் போடலாமா?

முதலில் எதைக் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பது எழுத்தில் இருக்கிறதா? மேலே சொன்ன ஐந்து வரி மின்னஞ்சல் இங்கேதான் கைகொடுக்கும். போனில் கேட்டிருந்தால் உங்கள் சொல்லுக்கு எதிராக அவர்கள் சொல்.

அரசு நிறுவனம் என்றால் உங்கள் தரப்பு வலுவானது. அங்கேயே குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். அதற்கு மேல் மாநில அல்லது மத்திய மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போகலாம், ஆட்களை அழைத்து விசாரிக்க அவருக்கு உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் உண்டு. தனியார் என்றால் பாதை குறுகல். வேலையில் பாகுபாடு கூடாது என்ற பிரிவு நேரடியாக அரசு நிறுவனங்களைத்தான் கட்டுகிறது. சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை, மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. ஆனால் உங்களைத் தள்ளியதற்கு ஆட்டிசம்தான் காரணம் என்று நிரூபிப்பது லேசில்லை. ஆணையருக்கு ஒரு மனு எழுதுங்கள், அதற்குச் செலவில்லை. வழக்கறிஞரைப் பார்ப்பதை அதன் பதிலைப் பார்த்து முடிவு செய்யலாம்.

நேர்முகம் முடிஞ்சதும் எப்ப எழுந்திருக்கணும்னு எனக்குத் தெரியலை. யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க.

நீங்களே கேட்டுவிடுங்கள்: "முடிந்துவிட்டதா, நான் கிளம்பலாமா?" இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. 'வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?' என்று அவர்கள் கேட்டால் அநேகமாக அதுதான் கடைசி. முடிவு எந்தத் தேதிக்குள் தெரியும் என்று கேளுங்கள், நன்றி சொல்லுங்கள், பையை எடுத்துக்கொண்டு வாருங்கள். தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை, அதற்காகத் திரும்பிப் போக வேண்டாம்.